கற்பூரத்தை அணைத்த கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்ததும் மைதானத்தில் வரிசையாக நிற்பதற்குப் பிரேயர் என்று பெயர். அதில் சாமி கும்பிடுவது கொஞ்சம்தான். வாழ்த்துப் பாட்டு, உறுதிமொழி, செய்தி வாசிப்பு, நகம் வெட்டாதவர்களுக்குத் திட்டு, பிறந்தநாள் பிள்ளைக்குக் கைதட்டல், கடைசியில் நாட்டுப்பண். இருந்தாலும் சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் கேட்டாலும் “பிள்ள பிரேயருக்கு லேட்டாயிட்டு, வழிய விடுங்க” என்றுதான் சொல்வார்கள். நான் அங்கே சமூக அறிவியல் டீச்சர். இந்த நாட்டு வாழ்க்கையில் பிரார்த்தனைக்கு என்ன இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனேன். போன இடத்தில் ஒரு அக்காவைத் தொலைத்துவிட்டு வந்தேன்.

தொலைத்தேன் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அவள்தான் என்னைக் கைகழுவினாள். பாருங்கள், கோபத்தில் ‘அவள்’ என்று வந்துவிடுகிறது. அக்கா என்று கூப்பிட்ட வாய் இது. அதனால் இனி ‘அவர்’ என்றே எழுதுகிறேன். நடுவில் எங்காவது தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரசியலமைப்புப் பாடம் வரும்போது ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்பைத் தனியாக எடுத்து வைப்பேன். புத்தகத்தில் அது தனிப் பாடமாகக் கிடையாது. என் ஆசைக்கு நடத்துவது. “நம்ம நாடு எங்கெங்க கும்பிடுது, சொல்லுங்க” என்று ஆரம்பிப்பேன். கோவில், சர்ச், பள்ளிவாசல் என்று அடுக்குவார்கள். “அது அவங்கவங்க வீட்டுக்காரங்க கும்பிடுறது. நாடு எங்க கும்பிடுது?” என்று விடமாட்டேன். அதற்குப் பிறகுதான் யோசிப்பார்கள். தியாகிகள் நாளில் சங்கு ஊதியதும் ஆபீசில் எல்லோரும் எழுந்து பேசாமல் நிற்பது. அக்டோபர் இரண்டாம் தேதி மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே மைக்கில் மாறி மாறி வேண்டிக்கொள்வது. கோர்ட்டில் சாட்சி எடுக்கும் சத்தியம். மந்திரி பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழி. ஒவ்வொன்றாக வரும்.

போன வருஷம் பத்தாம் வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், எங்க வார்டுல ஜெயிச்சவரும் சத்தியம் பண்ணித்தான் சேர்ல உக்காந்தாரு. சாக்கடை வாறுகாலு இன்னும் நாறிக்கிட்டுத்தான் கெடக்கு.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “அதனாலதாம்மா சொல்லுதேன், சத்தியத்த லேசா எடுக்காதீங்கன்னு” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த இடம் வரும். பதவி ஏற்கிறவருக்கு நம் சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது. கடவுள் பெயரால் சொல்லலாம். கடவுள் பெயரைச் சொல்ல மனமில்லாதவர் உளமார உறுதி கூறுகிறேன் என்று சொல்லலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கும்பிடுகிறவரும் நம் ஆள்தான், கும்பிடாதவரும் நம் ஆள்தான், யார் கழுத்தையும் யாரும் பிடித்து அமுக்கக்கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தலை நிமிரும். இத்தனைக்கும் நான் கும்பிடுகிறவள். திங்கட்கிழமை விரதம் தவறியதில்லை. என் கைப்பையில் எப்போதும் கோவில் புற்றுமண் ஒரு பொட்டலம் இருக்கும். தலைவலி என்று வரும் பிள்ளைக்கு மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் நெற்றியில் பூசுவேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை மட்டும் போகாமல் நின்றாள். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்கு மானாவாரிக் காடும் கொஞ்சம் ஆடும் உண்டு. நன்றாகப் படிப்பாள், சின்னப் பிள்ளைகளை அதட்டாமலே வரிசையில் நிறுத்துவாள். அதனால் பிள்ளைகள் எல்லாம் கை தூக்கி அவளைத்தான் அந்த வருஷம் மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதவியேற்பு விழா வரப் போகிறது. தலைவி மேடையில் உறுதிமொழி எடுக்க வேண்டும். அது காலங்காலமாகக் ‘கடவுள் பெயரால்’ என்றுதான் தொடங்கும்.

“டீச்சர், அந்த ரெண்டாவது சொன்னீங்கள்ளா, உளமாரன்னு. அத நானும் சொல்லலாமா?”

“ஏம்மா, அப்பா கருப்புச்சட்டைக் கட்சிக்காரரா?”

“இல்ல டீச்சர். அப்பா தெனமும் கும்பிடுவாவ. எனக்குத்தான்.” வகுப்பில் வேறு யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “எங்கம்மாவ ஆஸ்பத்திரில வச்சிருந்தப்ப எல்லாரும் கும்பிட்டோம். நான் மொட்டை போடுதேன்னு நேந்துக்கிட்டேன். அம்மா போயிட்டாவ. அதுலருந்து சாமி பேரு வாயில வரமாட்டேங்கு டீச்சர். மனசுல இல்லாம மைக்குல மட்டும் சொன்னா அது பொய்தானே?”

தினமும் பிரேயரில் இந்தப் பிள்ளை கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, உதடு அசையாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்று நின்றிருக்கிறாள். “கேட்டுச் சொல்லுதேம்மா” என்று அனுப்பி வைத்தேன்.

யாரிடம் கேட்க வேண்டும்? அப்போது பள்ளிக்குப் பொறுப்பு எங்கள் தமிழ் டீச்சர். அவரைத்தான் நான் அக்கா என்கிறேன். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் போயிருந்தார். திரும்பி வந்தாலும் சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுவார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பள்ளி ஊர்க்காரர்களின் கமிட்டி நடத்துவது. கமிட்டி மனம் வைத்தால் போதும்.

அக்கா புளியங்குடிக்காரர். காலை பஸ்ஸில் வரும்போதே சாப்பாட்டுக் கூடையில் எலுமிச்சம்பழ ஊறுகாய் மணக்கும். அந்த ஊர் எலுமிச்சை, அந்த வீட்டு ஊறுகாய், எனக்கென்று தனி டப்பா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் பாடத்தை மறந்து நின்றபோது, பின்னால் வந்து முதுகில் தட்டி “ஏட்டி, அவரும் ஒரு காலத்துல பிரேயருக்கு லேட்டா வந்து முட்டி போட்டவர்தான், நடத்து” என்றவர். என் கணவர் காமாலையில் படுத்திருந்தபோது என் வகுப்பையும் சேர்த்து எடுத்தவர். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் கோவிலுக்குப் போவோம். அம்மன் சன்னிதிக்கு முன்னால் சக்கரம் பதித்த குழி ஒன்று உண்டு. அதில் இறங்கி உட்கார்ந்து கண்ணை மூடினால் மனசில் இருக்கிற பாரம் இறங்கும் என்று ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். எங்களுக்கும் முறை வரும். ஒருவர் பையை மற்றவர் வைத்துக்கொள்வோம்.

அந்த வெள்ளிக்கிழமை குழியிலிருந்து அக்கா எழுந்து வந்ததும் பிரகாரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

“சொல்லட்டுமே. சட்டத்துலயே இருக்குன்னு நீதானட்டி தொண்ட கிழியப் பாடம் நடத்துத” என்றார்.

“கமிட்டிக்காரங்க முன் வரிசையில இருப்பாங்களே அக்கா. ஏதும் சொன்னா?”

“இப்ப பொறுப்புல யாரு இருக்கா? நான் இருக்கேம்லா. நான் சொல்லுதேன், அவள உளமாரன்னே சொல்லச் சொல்லு. யாரும் கேட்டா என்கிட்ட அனுப்பு.” அதோடு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மா இல்லாத பிள்ளைட்டி அது. அந்தப் பிள்ளையப் போய் யாரு என்ன சொல்லப் போறா?”

அம்மன் சன்னிதிக்கு எதிரில், திருநீறும் புற்றுமண்ணும் நெற்றியில் இருக்க, அக்கா சொன்ன வார்த்தை இது. ஒரு எழுத்து கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

விழா நன்றாகவே நடந்தது. ஷாமியானா, மைக், முன் வரிசையில் கமிட்டிக்காரர்கள், அவர்களுக்குக் குடிக்கக் கலர் சோடா. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். தலைவியைக் கூப்பிட்டார்கள். அக்காதான் அவளுக்கு பேட்ஜ் குத்தினார். குத்தும்போது குனிந்து, “பயப்படாமச் சொல்லு மக்கா” என்று அவள் காதோடு சொன்னது எனக்கே கேட்டது. பிள்ளை மைக் முன்னால் வந்து, “உளமார உறுதி கூறுகிறேன்” என்று தொடங்கினாள். குரல் கணீரென்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் நடத்திய பாடம் ஒரு பிள்ளை வாயிலிருந்து உயிரோடு வருகிறதே என்று நினைத்தேன். முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சாய்ந்து ஏதோ கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாரோ எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நேரம். தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம், சாமிப் பேச்சுதான் எங்கே பார்த்தாலும். அந்த நேரத்தில், ‘அந்த ஸ்கூல்ல சாமி பேரைச் சொல்லக்கூடாதுன்னு ஒரு டீச்சர் சொல்லிக் குடுக்காளாம்’ என்று கிளம்பியது. எப்போதும் பூ வாங்குகிற அம்மாவிடம் போய் நின்றேன். முழம் போட்டுக்கொண்டே, “டீச்சர், நீங்க சாமி கும்பிட மாட்டியளாமே, பெறவு பூ யாருக்கு?” என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனாலும் சுருக்கென்றது.

எனக்குப் பயம் இல்லை. அக்கா இருக்கிறாரே. ஒரு வார்த்தை, “நான்தான் சொல்லச் சொன்னேன்” என்று அவர் சொன்னால் முடிந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ்ஸில் இருப்பார், சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

மறுநாள் பள்ளி விட்டதும் கமிட்டிச் செயலாளர் வந்தார். நாங்கள் அண்ணாச்சி என்போம். வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்துப் பாசனத்தில் வயல் உள்ள குடும்பம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கட்டிடத்துக்குச் சொந்தக் கையிலிருந்து கொடுத்தவர். ஆனால் எந்த வழக்கையும் அவர் ஊரில் மடைத் தண்ணீர் வழக்கைத் தீர்ப்பது போலத்தான் தீர்ப்பார். நாலு பேரை நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு கேள்வி, உடனே தீர்ப்பு. கூட இரண்டு கமிட்டிக்காரர்கள். பிள்ளையையும் அவள் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார். அப்பா தோளில் துண்டும் நெற்றியில் திருநீறுமாக, ஆட்டை அடைக்கிற நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்களே என்ற கவலையோடு நின்றார். பள்ளிக்குள் வேப்பமரத்தடியில் எங்கள் பிள்ளையார் இருக்கிறார். அவருக்கு முன்னால்தான் விசாரணை.

அண்ணாச்சி முதலில் அப்பாவிடம் கேட்டார். “என்னவே, ஒம்ம வீட்ல சாமி கும்பிடமாட்டியளா?”

“கும்பிடுவோம் அண்ணாச்சி. இவதான் இவ அம்மா போனதுலருந்து சாமிகிட்ட கா விட்டிருக்கா. எனக்கும் கோவம் உண்டு. நான் கும்பிட்டுக்கிட்டே கோவப்படுதேன். இவ கும்பிடாமக் கோவப்படுதா.”

அண்ணாச்சி முகம் கொஞ்சம் இளகியது. “சரி. பிள்ள மேல தப்பு இருக்கா இல்லையான்னுதான் நமக்குத் தெரியணும். பொறுப்புல இருக்கவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுச் சொல்லியிருந்தா அவ மேல தப்பில்ல, பேட்ஜ் அவகிட்டயே இருக்கட்டும். அனுமதி இல்லாம டீச்சர் இஷ்டத்துக்குச் சொல்லிக் குடுத்திருந்தா, பிள்ள நாளைக்குப் பிரேயர்ல கடவுள் பேரச் சொல்லித் திரும்ப எடுக்கணும். இல்லேன்னா பேட்ஜக் கழட்டிக் குடுத்துரணும். என்ன டீச்சர், அனுமதி வாங்குனீங்களா?”

“வாங்கினேன் அண்ணாச்சி. அக்காகிட்டதான் கேட்டேன். சரின்னு சொன்னாங்க.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. இந்த டீச்சர் என்கிட்ட எதுவும் கேக்கல.”

இந்த டீச்சர். ஏட்டி என்று கூப்பிட்ட வாயில் நான் ‘இந்த டீச்சர்’ ஆகிவிட்டேன். முதலில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். “அக்கா, வெள்ளிக்கிழமை, கோவில் பிரகாரத்துல வச்சு” என்றேன். “கோவிலுக்குப் போனோம், சாமி கும்பிட்டோம், வந்தோம். பள்ளிக்கூடப் பேச்சே பேசலையே டீச்சர்” என்றார். அவ்வளவு அமைதியாக. யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் போனை எடுக்காத நேரத்தில் இதைத்தான் யோசித்திருக்கிறார்.

பிள்ளை வாயைத் திறந்தாள். “தமிழ் டீச்சர்தான் அன்னைக்கு மேடையில...” அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். “நீ இரும்மா, பெரியவங்க பேசுதோம்லா.”

பிறகு அவர் தன் ஊர் வழக்கத்துக்குப் போனார். பிள்ளையார் பீடத்தில் இருந்த தட்டை எடுத்தார். கற்பூரக் கட்டியை வைத்துக் கொளுத்தினார். அவர்கள் ஊரில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தி அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் பண்ணினால் குடும்பம் விளங்காது என்று பயம். அணைத்தவர் பேச்சு எடுபடும். அணைக்காதவர் பேச்சு எடுபடாது. அவ்வளவுதான் சட்டம்.

“நாம என்ன கோர்ட்டுக்கா போகப் போறோம்? டீச்சர், மொத நீங்க அணைங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கையை நீட்டினேன். உண்மை என் பக்கம். நான் கும்பிடுகிற பிள்ளையார். ஒரு நொடி வேலை. அணைத்தால் அந்தப் பிள்ளையின் பேட்ஜ் பிழைக்கலாம். கை பாதி தூரம் போனபோது அவளைப் பார்த்துவிட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியைத் தொட்டுச் சொன்னாலும் சொல்லாமல் சொன்னாலும் சொல்லுக்கு ஒரே மதிப்பு என்று இவளுக்குத்தானே பாடம் நடத்தினேன்? இவள் அதை நம்பித்தானே மைக் முன்னால் போய் நின்றாள்? இப்போது நானே கற்பூரத்தை அணைத்தால்தான் என் பேச்சு எடுபடும் என்றால், அன்று இவள் மேடையில் சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வி வந்ததும் கை தானாகத் திரும்பிவிட்டது.

“அண்ணாச்சி, நான் அணைக்கல. உளமாரச் சொல்லுதேன், நான் அனுமதி வாங்கினேன். இந்தச் சொல்லு போதும்னுதான் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தேன். எனக்கும் அது போதும்.”

கமிட்டிக்காரர் ஒருவர் “ம்” என்று இழுத்தார். எவ்வளவு இளக்காரமான ‘ம்’. அண்ணாச்சி தட்டை அக்கா பக்கம் திருப்பினார்.

அக்கா தயங்குவார் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் நினைத்தேன், பாருங்கள். பொய்ச் சத்தியம் என்று கதையில் வந்தாலே காதைப் பொத்துகிறவர். அம்மன் பெயரைச் சும்மா சொன்னால்கூட கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர். அவர் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்தார். “பிள்ளையார் சாட்சியா என்கிட்ட யாரும் கேக்கல” என்றார். நெருப்பு அணைந்தது. எனக்கு எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வைத்த கை அது. கற்பூர வாசனை அந்த இடத்தையே சுற்றிக்கொண்டு நின்றது. இன்றைக்கும் கோவிலில் தீபாராதனை காட்டும்போது எனக்கு அந்த நேரம்தான் நினைவுக்கு வருகிறது. என் சாமியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

“பெறவென்ன” என்றார் அண்ணாச்சி. தீர்ப்பு ஆகிவிட்டது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். வரட்டும், அதை விடுங்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் அக்காவைப் பிடித்தேன். “எப்படி அக்கா மனசு வந்திச்சு?” என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“கத்தாதட்டி” என்றார். ஏட்டி திரும்ப வந்துவிட்டது. “நான்தான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா அந்தச் சேரு எனக்கு வருமா? எத்தன வருஷமாக் காத்துக்கிட்டு கெடக்கேன். நீயும் அணைச்சிருக்கணும் கோட்டிக்காரி. ரெண்டு பேரும் அணைச்சிருந்தா யாரு பொய்னே தெரியாமப் போயிருக்கும், பிள்ளையும் தப்பிச்சிருக்கும். எல்லாத்தையும் நீயே கெடுத்த.”

“சாமிய வச்சு அக்கா...”

“அத நான் அம்மன்கிட்ட சொல்லிக்கிடுதேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது.”

சொல்லிவிட்டுப் புளியங்குடி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார். நான் அங்கேயே நின்று அழுதேன். பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். நானும் சேர்ந்து அணைத்திருக்க வேண்டும் என்று என்னையே குறை சொல்லிவிட்டுப் போகிறாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியவள் யாரைக் கும்பிட்டாள்?

வாசலில் அந்தப் பிள்ளையும் அப்பாவும் பஸ்ஸுக்கு நின்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், “நாளைக்கு நீ சொல்ல வேண்டாம்மா. பேட்ஜக் கழட்டிக் குடுத்துரு. உனக்கு ஒரு கொறையும் இல்ல. நான் பக்கத்துலயே நிக்கேன்” என்றேன். தலையை ஆட்டினாள். அப்பா, “டீச்சர் சொல்லுதபடி செய்வா” என்றார்.

மறுநாள் பிரேயர். பாட்டு முடிந்தது. அக்கா மைக்கில் தலைவியைக் கூப்பிட்டார். அண்ணாச்சியும் வந்திருந்தார். பிள்ளை பேட்ஜைக் கழற்றிக் கொடுப்பாள் என்று நான் மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு வரிசைக்குத் திரும்ப வேண்டும், யாரும் சிரித்தால் முறைக்க வேண்டும் என்று தயாராக நின்றேன். அவள் பேட்ஜில் கை வைக்கவில்லை. மைக்கைப் பிடித்தாள். “கடவுள் பெயரால்” என்று தொடங்கி, ஒரு இடத்திலும் தடுமாறாமல் முழுவதையும் சொன்னாள். அதே கணீர்க் குரல். அண்ணாச்சி கை தட்டினார். அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, “பாத்தீங்களா, எவ்வளவு அழகாச் சொல்லுதா” என்று மைக்கிலேயே சொன்னார்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். எனக்காகச் சொல்லியிருப்பாள், எனக்கு மெமோ வரக்கூடாது என்று அவள் அப்பா சொல்லச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

“யாரும் மிரட்டினாங்களாம்மா?”

“இல்ல டீச்சர்.”

“பெறகு ஏன் சொன்ன? மனசுல இல்லாமச் சொன்னாப் பொய்யாயிரும்னு நீதானே சொன்ன?”

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. கணக்கில் ஒரு படி புரிந்துவிட்ட பிள்ளை போல என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“தமிழ் டீச்சர் கற்பூரத்தையே அணைச்சாங்கள்ளா டீச்சர். பொய்னு எனக்குத் தெரியும். என் காதுலதானே சொன்னாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கும் வந்து முன்னாடி நின்னு பாடுனாங்க. நான்தான் இத்தன நாளும் சாமி பேருன்னா என்னமோன்னு பயந்துட்டேன். சும்மா சொல்லுறதுதான் டீச்சர்.”

மணி அடித்தது. அவள் ஓடிவிட்டாள்.

அக்கா இப்போது பெரிய டீச்சர். அந்த நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு நான் தனியாகப் போகிறேன், குழியில் இறங்குவதில்லை. என்னிடம் அவர் செய்ததை என்றைக்காவது மறந்தாலும் மறப்பேன். அந்தப் பிள்ளையிடம் செய்ததை மன்னிக்க மாட்டேன். சாமியிடம் கா விட்டிருந்த வரைக்கும் அவளுக்கு ஒரு சாமி இருந்தது. அந்த வருஷம் முழுவதும் அவள்தான் மைக்கில் பிரேயரை நடத்தினாள். கை கூப்பி, கண்ணை மூடி, ஒரு வார்த்தை தவறாமல், கோபம்கூட இல்லாமல் சொன்னாள்.